மாலா-என் கர்ப்பத்தடை மாத்திரை போடலாமா? வூட்ல வேணாங்கறாங்க, வேலூர் குடியாத்தம் பக்கத்து அக்காங்க கொஞ்சம் சொல்லுங்க

கலை_குடியாத்தம்

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 24 வயசு, குடியாத்தம் பக்கத்துல ஒரு ஊரு. பையனுக்கு 8 மாசம் முடிஞ்சிடுச்சு, தாய்ப்பால் குடுத்துக்கினுதான் இருக்கேன், கூட பருப்பு சோறு, இட்லி எல்லாம் ஊட்டறேன். போன மாசம் திரும்ப பீரியட்ஸ் வந்துடுச்சு. பையனுக்கு மூணு வயசாவது ஆகட்டும், அதுவரைக்கும் அடுத்தது வேணாம்னு நானும் அவரும் பேசி முடிவு பண்ணிட்டோம், நான் திரும்ப ஷூ கம்பெனி வேலைக்கும் போகணும். எங்க ஊரு நர்ஸம்மா மாலா-என் பத்தி சொன்னாங்க, ஆனா அன்னிக்கி தடுப்பூசி நாளு, ஒரே கூட்டம், நிறைய கேட்க முடியல. மாமியாகிட்ட சொன்னா ஒரேடியா வேணாங்கறாங்க, அத போட்டா கர்ப்பப்பை காஞ்சி போயிடும், அப்புறம் நீயே ஆசப்பட்டாலும் கரு நிக்காதுங்கறாங்க. எதிர் வூட்டு அக்கா உடம்பு ஊதிடும்னு பயமுறுத்தறாங்க. எங்க அம்மா இன்னாடான்னா ரெண்டாவதையும் உடனே பெத்துட்டு ஆபரேஷன் பண்ணிக்கோ, வேலை முடிஞ்சிடும்ங்கறாங்க. யார் சொல்றத கேக்கறதுன்னே தெரியல. போட்டவங்க, விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

ஆம்பூர்_நூர்

கலை, நான் போட்டிருக்கேன்மா. மொத பொண்ணுக்கும் ரெண்டாவது பையனுக்கும் நடுவுல அதான் என்னை காப்பாத்துச்சு. ஆரம்பத்துல காலைல வயித்த பொரட்டும், நடுநடுவுல லேசா திட்டுத்திட்டா படும், நான் பயந்துபோய் கேட்டப்ப நர்ஸு ராத்திரி சாப்ட்டுட்டு படுக்கப்போறப்ப போடும்மா, ரெண்டு மூணு மாசத்துல சரியாயிடும்னாங்க, அதே மாதிரி சரியாயிடுச்சு. வேணும்னு நெனச்சப்ப நிறுத்தினேன், கொஞ்ச மாசத்துலயே நின்னுச்சு. கர்ப்பப்பை காஞ்சி போறதெல்லாம் ஒண்ணுமில்ல. ஆனா உங்க நெலமைக்கு எது சரின்னு நான் சொல்லக்கூடாது, எனக்கு ஒத்துக்கிச்சு, எங்க அண்ணிக்கு பிபி இருந்ததால டாக்டரே வேணாம்னுட்டாங்க.

ரிட்டயர்டு_விஎச்என்

கலைம்மா, நான் அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கமெல்லாம் கிராம சுகாதார செவிலியரா வேலை பாத்து ஓய்வு பெற்றவ. உங்க கேள்விய படிச்சதும் பதில் எழுதாம இருக்க மனசு வரல, கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க.

மொதல்ல மாமியார் சொன்னது. அந்த மாத்திரைல ரெண்டு ஹார்மோன் இருக்கு, ஈஸ்ட்ரோஜென் ஒண்ணு, புரோஜெஸ்டின் ஒண்ணு. மாலா-என்ல எத்தினைல் எஸ்ட்ரடியால் 0.03 மில்லிகிராம், லெவோநார்ஜெஸ்ட்ரல் 0.15 மில்லிகிராம். தினமும் போடப்போட மாசாமாசம் சினைப்பைல இருந்து முட்டை வெளிய வர்றது நின்னுடும், அதோட கர்ப்பப்பை வாயில இருக்கற சளி கெட்டியாகி விந்தணு உள்ள போறதும் கஷ்டமாயிடும். மாத்திரைய நிறுத்தினா அந்த வேலையும் நின்னுடும், முட்டை திரும்ப வெளிய வர ஆரம்பிக்கும். சில பேருக்கு நிறுத்தின உடனே கரு நிக்கும், சில பேருக்கு ரெண்டு மூணு மாசம் ஆகும், அவ்ளோதான். பல வருஷம் போட்டாலும் இதே கணக்குதான், நடுவுல ரெஸ்ட் குடுக்கணும்னு ஒண்ணும் கிடையாது. அப்படி ரெஸ்ட்னு நிறுத்தினப்பதான் எத்தனையோ பேரு கர்ப்பமாகி எங்கிட்ட அழுதுகினு வந்தாங்க.

மாமியார் மேல கோவப்படாதீங்க. 1960ல அமெரிக்காவுல மொதமொதல்ல அனுமதி குடுத்த மாத்திரைல ஈஸ்ட்ரோஜென் 150 மைக்ரோகிராம் இருந்துச்சு, இப்ப 30தான். அந்தக் காலத்துல தொந்தரவும் ஜாஸ்தி, அந்த பயம் வாய் வழியா இன்னும் வந்துக்கினு இருக்கு.

உடம்பு ஊதறது பத்தி, ஆராய்ச்சி பண்ணி பாத்ததுல மாத்திரையாலதான் எடை ஏறுதுன்னு காட்ட முடியல. சில பேருக்கு நீர் கோத்துக்கினு மார்பு கனமா இருக்கும், லேசா உப்புசமா இருக்கும், அது உண்மை. பிரசவத்துக்கு அப்புறம் எடை ஏறறதுக்கு வேற நூறு காரணம் இருக்கும்மா.

இப்ப முக்கியமான விஷயம். குழந்தைக்கு 6 மாசம் முடியறதுக்கு முன்ன தாய்ப்பால் குடுக்கறவங்க இந்த மாத்திரைய போடக்கூடாது, ஈஸ்ட்ரோஜென் பாலை குறைச்சிடலாம், பிரசவம் ஆன புதுசுல ரத்தம் கட்டிக்கற ஆபத்தும் ஜாஸ்தி. உங்க பையனுக்கு 8 மாசம், கூட சோறும் சாப்பிடறான், அதனால அந்த தடை உங்களுக்கு இல்ல. ஆனா போடறதுக்கு முன்னாடி பிபி பாக்காம ஆரம்பிக்காதீங்க. 140க்கு 90, இல்ல அதுக்கு மேல இருந்தா இந்த மாத்திரை வேணாம். "மக்களைத் தேடி மருத்துவம்"ல வூடு தேடி வர்றாங்களே அவங்ககிட்டயும் பிபி மிஷின் இருக்கும், பாக்க சொல்லுங்க. அப்புறம் கால்லயோ நுரையீரல்லயோ ரத்தம் கட்டினது, பக்கவாதம், இருதய நோய், மார்பக புற்றுநோய், மஞ்சக்காமாலை மாதிரி கல்லீரல் கோளாறு, இதுல எதாவது இப்ப இருந்தாலும் முன்ன இருந்தாலும் மறைக்காம சொல்லிடணும். 35 தாண்டி புகை பிடிக்கறவங்களுக்கும் கூடாது. ஒத்தைத் தலைவலி இருக்கான்னு கேக்கணும், இத நெறைய பேரு கேக்கறதே இல்ல, எனக்கு அதான் மனசு கேக்காது.

வாலாஜா_வசந்தி

அந்த தலைவலி விஷயத்த கொஞ்சம் வெவரமா சொல்லுங்க நர்ஸம்மா, எனக்கு மாசத்துக்கு ஒரு தடவையாவது வரும், வரசொல்ல கண்ணு முன்னாடி வெள்ளையா மினுமினுன்னு வளைஞ்சி வளைஞ்சி ஒரு கோடு ஓடும், கொஞ்ச நேரம் பாதி எழுத்து தெரியாது, அப்புறம் ஒரு பக்கமா வலி புடிச்சுக்கும். வீட்டுப்பக்கத்து மெடிக்கல்ல ஓவ்ரல்-எல்னு இதே மாதிரி கர்ப்பத்தடை மாத்திரை கேட்டேன், ஒண்ணுமே கேக்காம குடுத்துட்டாங்க. இன்னும் ஆரம்பிக்கல.

ரிட்டயர்டு_விஎச்என்

வசந்தி, ஆரம்பிக்காதம்மா. நீ சொல்ற அந்த மினுமினு கோடுதான் ஆரா. அந்த மாதிரி ஒத்தைத் தலைவலி, அதாவது மைக்ரேன் இருக்கறவங்க ஈஸ்ட்ரோஜென் இருக்கற எந்த மாத்திரையும் போடக்கூடாது, வயசு எதா இருந்தாலும் சரி, மூளைக்கு போற ரத்தக்குழாய் அடைச்சி பக்கவாதம் வர்ற வாய்ப்ப கூட்டும். சாதாரண தலைவலி, கோடு கீடு ஒண்ணும் தெரியாத தலைவலின்னா அது வேற கதை, டாக்டர் பாத்து முடிவு பண்ணுவாங்க. உனக்கு காப்பர்-டி இருக்கு, ஹார்மோன் இல்லாத சாயா மாத்திரை இருக்கு, ஆணுறை இருக்கு, எதையாவது எடுத்துக்கலாம். வாலாஜா ஜிஎச்ல கேளு, கண்ணுக்கு முன்னாடி கோடு ஓடறத மொதல் வாக்கியமாவே சொல்லிடு.

மெடிக்கல்_மணி

நான் மருந்துக்கடையில வேலை செய்யறவன், எந்த ஊருன்னு சொல்லல. வசந்தி அக்கா சொன்னது எனக்கு உறுத்துது, கேள்வி கேக்காம குடுக்கறது தப்புதான், ஆனா கூட்டத்துல நிக்கற பொம்பளைங்ககிட்ட சத்தமா "உங்களுக்கு பிபி இருக்கா, தலைவலி இருக்கா"ன்னு கேட்டா அவங்க மாத்திரையே வாங்காம போயிடறாங்க. அதனால நான் கவுண்டர் ஓரமா கூப்ட்டு மெதுவா கேப்பேன், எல்லா கடையிலயும் அப்படி பண்ணணும்.

இன்னொண்ணு சொல்லணும், இங்க நாலு வெவ்வேற மாத்திரைய ஒண்ணா நெனச்சுக்கறாங்க. வைகாசி மாசம் கெங்கையம்மன் சிரசு திருவிழா வருதுன்னா அதுக்கு ஒரு வாரம் முன்னாடியே தேதி தள்ளிப்போட மாத்திரை கேட்டு வருவாங்க, அது நார்எத்திஸ்டிரோன், பீரியட்ஸ தள்ளிப்போடத்தான் அது, அந்த அளவுல நாலஞ்சு நாள் போட்டா கர்ப்பத்தடைக்கு நம்ப முடியாது. போன திருவிழா முடிஞ்சி ஒருத்தர் வந்து, மாத்திரை போட்டுக்கினு இருந்தாளே, எப்படி நாள் தள்ளிச்சுன்னு எங்கிட்ட கேட்டாரு. ரெண்டாவது, எமர்ஜென்சி மாத்திரை, லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், உறவு நடந்து 72 மணி நேரத்துக்குள்ள, எவ்ளோ சீக்கிரம் போடறோமோ அவ்ளோ நல்லது, அது அவசரத்துக்குத்தான், மாசாமாசம் அதையே நம்பக்கூடாது. மூணாவது கருவ கலைக்கற மாத்திரை, அத டாக்டர் பாக்காம கடையில வாங்கி போட்டு ரத்தம் நிக்காம அடுக்கம்பாறை பெரியாஸ்பத்திரிக்கு தூக்கிக்கினு ஓடினவங்கள எனக்கு தெரியும். நாலாவதுதான் கலை அக்கா கேக்கற தினசரி மாத்திரை. பேர் தெரியலன்னா இன்ன வேலைக்குன்னு சொல்லி கேளுங்க, பக்கத்து வூட்டு அக்கா சீட்ட காட்டி அதே குடுங்கன்னு கேக்காதீங்க.

பாலாத்தங்கரை

எல்லாரும் மாத்திரை மாத்திரைன்னே பேசறீங்க. நம்ம ஆயா காலத்துல எள்ளு உருண்ட, பப்பாளி, அன்னாசிப்பழம், அப்புறம் நாள் கணக்கு பாத்து தள்ளி இருக்கறது, இதுலயே சமாளிச்சாங்க. ஹார்மோன உடம்புக்குள்ள விடறது இயற்கைக்கு விரோதம்.

ஆற்காடு_செல்வி

பாலாத்தங்கரை, உங்க ஆயா எத்தன பெத்தாங்க, அதுல எத்தன தங்குச்சுன்னு வூட்ல கேட்டு பாருங்க. எங்க ஆயா எட்டு பெத்து நாலு தங்குச்சு, கடைசி பிரசவத்துல அவங்களே போய்ட்டாங்க. ஐடா ஸ்கடர் அம்மா டாக்டருக்கு படிச்சதே ஒரே ராத்திரில மூணு பொண்ணுங்க உதவி கிடைக்காம பிரசவத்துல செத்ததாலதான், வேலூர்ல 1900ல ஒரே ஒரு படுக்கையோட சிஎம்சி ஆஸ்பத்திரிய ஆரம்பிச்சாங்க. அந்த ஊர்ல உக்காந்துக்கினு பப்பாளி சாப்ட்டா போதும்னு சொல்றது எனக்கு தாங்கல. ஒரு பிரசவத்துக்கும் அடுத்து கர்ப்பமாகறதுக்கும் நடுவுல ரெண்டு வருஷமாவது இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது, அந்த ரெண்டு வருஷத்த எள்ளுருண்ட குடுக்காது. நாள் கணக்கும் பால் குடுக்கறவங்களுக்கு ஒத்து வராது, பீரியட்ஸ் ஒழுங்கா வந்தாதானே கணக்கு போடறது.

இன்னொரு விஷயத்துக்காகத்தான் எழுத வந்தேன். என் தங்கச்சி மாத்திரை போட்டுக்கினு இருந்தா, ஒரு நாள் கூட விடல. இருமல் விடாம இருந்து சளி பரிசோதனைல டிபின்னு வந்து மருந்து ஆரம்பிச்சாங்க. அதுல ரிஃபாம்பிசின்னு ஒரு மாத்திரை, அது இந்த ஹார்மோன கல்லீரல்ல வேகமா கரைச்சு வெளிய தள்ளிடுமாம், மாத்திரை போட்டும் வேலை செய்யாதாம். டிபி மருந்து குடுத்த எடத்துல யாரும் இத கேக்கல, அவளாத்தான் வேற டாக்டர்கிட்ட பேசசொல்ல தெரிஞ்சுது, நல்லவேளை ஒண்ணும் ஆகல, காப்பர்-டி போட்டுக்கினா. தோல் தொழிற்சாலை, பீடின்னு நம்ம பக்கம் இருமல எத்தன பேரு சும்மா விட்டுட்டு இருக்காங்க, டிபி மருந்துல இருக்கறவங்க தயவு செஞ்சி இத கேளுங்க.

ரிட்டயர்டு_விஎச்என்

செல்வி சொன்னது நூத்துக்கு நூறு. ரிஃபாம்பிசின் நிறுத்தின அப்புறமும் 4 வாரத்துக்கு அந்த பாதிப்பு இருக்கும். ஃபிட்ஸுக்கு குடுக்கற ஃபெனிடாயின், கார்பமசெபினும் இதே மாதிரிதான். ஜுரத்துக்கு குடுக்கற அமாக்ஸிசிலின் மாதிரி சாதாரண ஆன்டிபயாடிக்கால பயம் இல்ல, ஆனா அந்த நேரத்துல வாந்தி பேதி ஆச்சுன்னா அது தனி. மாத்திரை போட்டு ரெண்டு மணி நேரத்துக்குள்ள வாந்தி எடுத்தா இன்னொண்ணு போட்டுடணும். வாந்தி பேதி ஒரு நாளுக்கு மேல கடுமையா போச்சுன்னா மாத்திரைய விட்ட மாதிரியே கணக்கு, ஆணுறை சேத்துக்கணும்.

காட்பாடி_ஹாஸ்டல்

நான் காலேஜ் படிக்கறேன், கல்யாணம் ஆகல. பிசிஓடி, அதான் சினைப்பைல நீர்க்கட்டின்னு டாக்டர் டிராஸ்பிரினோன்ங்கற ஹார்மோன் இருக்கற ஒரு கர்ப்பத்தடை மாத்திரை எழுதி குடுத்தாங்க, ரூம்ல ஒரு பொண்ணு அத பாத்துட்டு மத்தவங்ககிட்ட என்னென்னவோ பேசிட்டா. அத விடுங்க. ஒரு வீடியோல இந்த மாத்திரையால ரத்தம் கட்டி செத்துப்போறாங்கன்னு பாத்தேன், அதுல இருந்து தூக்கமே வரல. உண்மையா அக்கா?

ரிட்டயர்டு_விஎச்என்

கண்ணு, அந்த மாத்திரைய பிசிஓடிக்கு குடுக்கறது ரொம்ப சாதாரணம், பீரியட்ஸ ஒழுங்கு பண்ண, முகப்பரு குறைய, அதிக உதிரப்போக்க குறைக்க எல்லாத்துக்கும் குடுப்பாங்க. யார் கேட்டாலும் மருந்து சாப்பிடறேன்னு தலைநிமிந்து சொல்லு.

ரத்தம் கட்டறது உண்மைதான், ஆனா எவ்ளோன்னு கணக்கோட பாக்கணும். மாத்திரை போடாத, கர்ப்பமும் இல்லாத பொண்ணுங்க 10,000 பேர்ல வருஷத்துக்கு 2 பேருக்கு ரத்தம் கட்டும். லெவோநார்ஜெஸ்ட்ரல் இருக்கற மாத்திரைன்னா, மாலா-என், ஓவ்ரல்-எல் எல்லாம் அந்த வகைதான், 5ல இருந்து 7 பேர். உன்னோட டிராஸ்பிரினோன் வகைல 9ல இருந்து 12 பேர். கர்ப்பமா இருக்கறப்பவும் பிரசவம் முடிஞ்ச முதல் சில வாரத்துலயும் அந்த ஆபத்து இதவிட அதிகம். அதனால அடுத்த தடவை டாக்டர பாக்கறப்ப, எங்க குடும்பத்துல சின்ன வயசுல யாருக்காவது ரத்தம் கட்டியிருக்கான்னு விசாரிச்சிட்டு போய் சொல்லு, எனக்கு வேற வகை ஒத்துக்குமான்னும் கேளு. கேட்டா கோவிச்சுக்க மாட்டாங்க. நீயா திடீர்னு நிறுத்திடாத.

ஒரு கால் மட்டும் வீங்கி கெண்டச்சதைல கடுமையா வலிச்சா, திடீர்னு மூச்சு வாங்கி நெஞ்சு வலிச்சா, இதுவரைக்கும் வராத மாதிரி தலைவலி வந்தா, கண்ணு மங்கினா, பேச்சு குழறினா, வயித்துல தாங்கமுடியாத வலி வந்தா, காலைல பாத்துக்கலாம்னு இருக்காம அந்த நேரமே ஆஸ்பத்திரிக்கு போகணும், மாத்திரை சாப்பிடறத அங்க மொதல்ல சொல்லணும். இத மாத்திரை போடற எல்லாருமே மனசுல வச்சுக்கோங்க.

கேவிகுப்பம்_சேகர்

பொம்பளைங்க பேசற எடத்துல ஆம்பள எழுதறேன், தப்பா நெனைக்காதீங்க. எங்க வூட்ல அவங்களுக்கு மொத பிரசவத்துலயே பிபி ஏறி ரொம்ப கஷ்டப்பட்டுட்டாங்க, அதனால இந்த மாத்திரை அவங்களுக்கு ஒத்துவராதுன்னு சொல்லிட்டாங்க. நான் ஆணுறை உபயோகிக்கறேன், சப்-சென்டர்ல சும்மாவே குடுக்கறாங்க, ரெண்டாவது பொறந்து வளந்தப்புறம் நானே கத்தியில்லாத கருத்தடை பண்ணிக்கலாம்னு இருக்கேன். அது பொம்பளைங்க ஆபரேஷன விட சின்னது, அன்னிக்கே வூட்டுக்கு வந்துடலாம். பண்ணினதும் உடனே பலன் கிடையாது, மூணு மாசம் வேற பாதுகாப்போட இருந்து, அப்புறம் விந்து பரிசோதனை பண்ணி பாத்துக்கணும். நம்ம தமிழ்நாட்டுல கல்யாணமான பொம்பளைங்கள்ல பாதிக்கு மேல ஆபரேஷன் பண்ணிக்கறாங்க, ஆம்பளைங்க பண்ணிக்கறது இருக்கற எடம் தெரியல, அது எனக்கு நியாயமா படல. கலை, உங்க வூட்டுக்காரரையும் இத படிக்க வைங்க. மாத்திரை போட்டியான்னு ராத்திரி ஒரு வார்த்தை அவரு கேட்டாலே போதும்.

பேரணாம்பட்டு_ஷிப்ட்

எனக்கு அவசரமா ஒரு பதில் வேணும். மாலா-என் போட்டுக்கினு இருக்கேன், கம்பெனில ஓவர்டைம், சொந்தக்காரங்க வூட்டு சாவு, இப்படி ரெண்டு நாள் மாத்திரை விட்டுப்போச்சு. அட்டைல இருக்கற 21 வெள்ளை மாத்திரைல இன்னும் நாலு பாக்கி இருக்கு. விட்ட ரெண்டையும் சேத்து இன்னிக்கு மூணா போட்டுக்கட்டுமா?

ரிட்டயர்டு_விஎச்என்

மூணா போடாதம்மா. கடைசியா விட்ட ஒண்ண மட்டும் இப்பவே போடு, இன்னிக்கு வேண்டியத வழக்கமான நேரத்துக்கு போடு, ரெண்டும் ஒரே நேரத்துல வந்தாலும் பரவால்ல. அதுக்கு முந்தினத விட்டுடு. அடுத்த 7 நாளுக்கு ஆணுறை கட்டாயம். நீ மூணாவது வாரத்துல இருக்க, அதனால வெள்ளை தீந்ததும் ஹார்மோன் இல்லாத பழுப்பு மாத்திரைய போடாம தூக்கிப் போட்டுட்டு மறுநாளே புது அட்டைய ஆரம்பிச்சிடு. இந்த மாசம் பீரியட்ஸ் வராம போகலாம், பயப்படாத.

ஏன் இப்படின்னு சொல்லிடறேன், காரணம் தெரிஞ்சா மறக்காது. வெள்ளை மாத்திரை தொடர்ந்து 7 நாள் போட்டாதான் சினைப்பை அடங்கும். 7 நாளுக்கு மேல ஹார்மோன் இல்லாம விட்டா முட்டை வளர ஆரம்பிச்சிடும். பழுப்பு மாத்திரை போடற அந்த 7 நாள் ஏற்கனவே ஹார்மோன் இல்லாத நாள், அதுக்கு முன்னாடியோ பின்னாடியோ வெள்ளைய விட்டா இடைவெளி நீண்டுபோயிடும். அதனாலதான் மொத வாரத்துல ரெண்டு விட்டுப்போயி அதுக்கு முந்தின அஞ்சு நாளுக்குள்ள உறவும் இருந்திருந்தா எமர்ஜென்சி மாத்திரை பத்தி உடனே கேக்கணும்னு சொல்றோம். எல்லாத்தவிட ஆபத்து புது அட்டைய ரெண்டு நாள் லேட்டா ஆரம்பிக்கறது, அத யாருமே விட்டதா கணக்குல எடுத்துக்கறதில்ல. ஒண்ணே ஒண்ணுதான் விட்டுப்போச்சுன்னா ஞாபகம் வந்ததும் போட்டுட்டு மத்தத வழக்கம்போல போட்டா போதும், அதுக்கு வேற ஒண்ணும் வேணாம்.

ஒரு நாளும் விடாம போட்டா வருஷத்துக்கு 100 பேர்ல ஒருத்தருக்கு கூட கரு நிக்காது. சாதாரணமா எல்லாரும் அப்பப்ப விட்டுட்டு போடறப்ப 100க்கு 7 பேருக்கு நின்னுடுது. ஷிப்ட் மாறிக்கினே இருக்கறவங்க வேலை நேரத்த நம்பாம, எந்த ஷிப்டா இருந்தாலும் மாறாம செய்யற ஒரு வேலையோட சேத்துக்கோங்க, பல் தேய்க்கறதோ, ஃபோன் சார்ஜ் போடறதோ. அதுவும் முடியலன்னா அந்தரா ஊசி மூணு மாசத்துக்கு ஒரு தடவை, அது உங்களுக்கு சுலபமா இருக்கலாம், நிறுத்தினா திரும்ப நிக்க மாசக்கணக்கா ஆகும்ங்கறத மட்டும் யோசிச்சுக்கோங்க.

பேரணாம்பட்டு_ஷிப்ட்

ரொம்ப நன்றிம்மா. மூணா போட்டுடலாம்னுதான் இருந்தேன். அட்டைய ஜன்னலோரம் ஃப்ரிட்ஜ் மேல வச்சிருக்கேன், வெயில் படுது, அதுவும் தப்பா?

மெடிக்கல்_மணி

மாத்துங்க அக்கா. வேலூர் வெயில் சித்திரைல 40 தாண்டுது, நேரா வெயில் படற எடத்துல எந்த மாத்திரையும் வைக்கக்கூடாது. பீரோவுக்குள்ள, குழந்தைங்க கை எட்டாத தட்டுல வைங்க. அட்டையிலிருந்து முன்கூட்டியே பிச்சி டப்பால போட்டு வைக்காதீங்க, எது வெள்ளை எந்த நாளுங்கற வரிசையே போயிடும்.

காட்பாடி_ஹாஸ்டல்

நர்ஸம்மா தேங்க்ஸ், இன்னிக்கு நிம்மதியா தூங்குவேன். புற்றுநோய் வரும்னும் ஒருத்தர் சொன்னாங்க, அதயும் கேட்டுடறேன்.

ரிட்டயர்டு_விஎச்என்

ரெண்டு பக்கமும் இருக்கு, மறைக்காம சொல்றேன். சினைப்பை புற்றுநோய், கர்ப்பப்பை உள்சுவர் புற்றுநோய் ரெண்டும் மாத்திரை போட்டவங்களுக்கு குறையுது, நிறுத்தி பல வருஷம் ஆனாலும் அந்த பாதுகாப்பு இருக்கு. மார்பக புற்றுநோய் வாய்ப்பு போடறப்ப கொஞ்சம் கூடுது, நிறுத்தினப்புறம் மெல்ல குறைஞ்சிடுது. அஞ்சு வருஷத்துக்கு மேல போட்டா கர்ப்பப்பை வாய் புற்றுநோயும் கொஞ்சம் கூடுது, அதனால 30 தாண்டினவங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல கர்ப்பப்பை வாய் பரிசோதனை பண்ணிக்கணும், இலவசம்தான், வலியும் பெருசா இருக்காது. வெக்கப்பட்டுக்கினு அத தள்ளிப்போடறவங்கள பாத்தா எனக்கு இன்னிக்கும் வருத்தமா இருக்கு. பால்வினை நோயையோ எச்ஐவியையோ இந்த மாத்திரை தடுக்காது, அதுக்கு ஆணுறைதான்.

கலை_குடியாத்தம்

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. இங்க படிச்சத அப்படியே அவருக்கு படிச்சி காட்டினேன், மாமியார் பக்கத்துல உக்காந்துக்கினு கேட்டாங்க, ஒண்ணும் சொல்லல, நடுவுல ஒரே ஒரு தடவ "நெசமாவே நிறுத்தினா திரும்ப நிக்குமாமா"ன்னு கேட்டாங்க. மறுநாள் சப்-சென்டர் போறப்ப குழந்தைய அவங்களே தூக்கிக்கினு கூட வந்தாங்க. பிபி 110க்கு 70. தலைவலி, காமாலை, டிபி எல்லாம் நானே சொல்லி இல்லன்னேன், நர்ஸம்மா ஆச்சரியமா பாத்து எங்க படிச்சன்னாங்க. மூணு அட்டை குடுத்து ரிஜிஸ்டர்ல எழுதிக்கினாங்க. வெள்ளை 21, பழுப்பு 7, பின்னாடி அம்புக்குறி போட்டிருக்கு.

ரெண்டு சந்தேகம் இருக்கு. இன்னிக்கு எனக்கு பீரியட்ஸ் மூணாவது நாள், இன்னிக்கே ஆரம்பிக்கலாமா இல்ல அடுத்த மாசம் வரைக்கும் காத்திருக்கணுமா? அப்புறம் மாமியார் கேக்கறாங்க, அந்த பழுப்பு மாத்திரை எதுக்கு, அதுல ஹார்மோன் இல்லன்னா ஏன் போடணும்?

ரிட்டயர்டு_விஎச்என்

இன்னிக்கே ராத்திரி ஆரம்பிம்மா. பீரியட்ஸ் ஆரம்பிச்சி 5 நாளுக்குள்ள போட்டா மொத நாள்லருந்தே பாதுகாப்பு. அதுக்கு மேல தள்ளி ஆரம்பிக்கறவங்கதான் 7 நாள் ஆணுறை சேத்துக்கணும். பழுப்பு மாத்திரைல இரும்புச்சத்து இருக்கு, ஃபெரஸ் ஃப்யூமரேட், ரத்தசோகை இருக்கற நம்ம பொண்ணுங்களுக்கு அது நல்லது, தினமும் ஒண்ணுங்கற பழக்கமும் விடாம இருக்கும். அந்த வாரத்துலதான் பீரியட்ஸ் வரும், முன்னவிட கொஞ்சமா படும். 28ம் நாள் முடிஞ்சா பீரியட்ஸ் நின்னாலும் நிக்காட்டியும் மறுநாளே அடுத்த அட்டை. கடைல வாங்கற 21 மாத்திரை அட்டைன்னா 7 நாள் சும்மா இருந்துட்டு 8ம் நாள் ஆரம்பிக்கணும், ரெண்டையும் குழப்பிக்காதீங்க. மூணு மாசம் கழிச்சி ஒரு தடவ பிபி பாத்துக்கோ.

வாலாஜா_வசந்தி

நானும் ஜிஎச் போய்ட்டு வந்துட்டேன், கண்ணு முன்னாடி கோடு ஓடறத சொன்னதும் டாக்டரம்மா இந்த மாத்திரை கூடாதுன்னு உடனே சொல்லிட்டாங்க. சாயா குடுத்திருக்காங்க, மொத மூணு மாசம் வாரத்துக்கு ரெண்டு தடவை, அப்புறம் வாரத்துக்கு ஒண்ணு. அதுல ஹார்மோன் கிடையாதாம், லக்னோவுல நம்ம நாட்டு விஞ்ஞானிங்க கண்டுபிடிச்சதாம். கிழமை மாறாம போடணும்னாங்க. பீரியட்ஸ் கொஞ்சம் தள்ளித்தள்ளி வரும்னும் முன்கூட்டியே சொல்லி அனுப்பினாங்க.

கலை_குடியாத்தம்

போட்டுட்டேன் நர்ஸம்மா, ராத்திரி சோறு சாப்ட்டதும். மூணு மாசம் கழிச்சி சப்-சென்டர்ல ஸ்டாக் இல்லன்னு சொல்லிட்டா இன்னா பண்றது?

மெடிக்கல்_மணி

கடைசி அட்டை ஆரம்பிக்கறப்பவே கேட்டு வச்சுடுங்க அக்கா, தீர்ற நாள் வரைக்கும் விடாதீங்க. இல்லன்னா மாலா-டி கடைல கிடைக்கும், மருந்து அதேதான், ஓவ்ரல்-எல்லும் அதே அளவுதான், ஆனா அதுல 21 மட்டும். சந்தேகம்னா 104க்கு ஃபோன் பண்ணியும் கேக்கலாம்.